மூன்று தம்ளர்

(நம் சங்கத்தின் ஆண்டு சந்திப்பில், இயந்திரவியல் துறையின் பழைய மாணவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



போன மாதம் செயலாளர் அண்ணன் போன் பண்ணி, "நீ ஏதாவது பேசணும்டா, பசங்களுக்குப் பிரயோஜனமா இருக்கணும்" என்றார். சரிண்ணே என்றேன். "தலைப்பு என்ன?" என்றார். "ஸ்பெயின் நாட்டு பீர் வகைகள், ருசியும் ஒப்பீடும்" என்றேன். அந்தப் பக்கம் சத்தத்தையே காணோம். லைன் கட் ஆகிவிட்டதோ என்று நினைத்தேன். பிறகு மெதுவாக, "தம்பி, முன்வரிசையில முதல்வர் உட்கார்ந்திருப்பாருடா" என்றார்.

ஆகவே முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் குடிப்பவன் அல்ல. ஆனால் ஆறு மாதம் ஸ்பெயினில் பீர் ருசி பார்த்தவன். இரண்டும் எப்படி ஒன்றாக இருக்க முடியும் என்பதுதான் இன்றைய பேச்சு. முழுக்கக் கேட்டுவிட்டு அடிப்பதாக இருந்தால் அடியுங்கள்.

என் கதை இங்கே பலருக்குத் தெரியும். செவ்வாப்பேட்டை ரோடு ஸ்டேஷனில் எலெக்ட்ரிக் டிரெயினிலிருந்து இறங்கி, டிபன் பாக்ஸோடு ஓடி வந்து, முதல் பீரியடுக்கு லேட்டாக வாசலில் நின்ற கூட்டத்தில் நானும் ஒருவன். அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டியவர். கைத்தொழிலில் கெட்டிக்காரர். மைக்ரோமீட்டர் வைக்காமலேயே, விரலால் தடவிப் பார்த்து "பத்து மைக்ரான் அதிகம்டா" என்பார். சரியாகத்தான் இருக்கும். ஆனால் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் அவருக்கு எந்த அளவும் கிடையாது. நான் இரண்டாம் வருடம் படிக்கும்போது, கல்லீரல் கெட்டுப் போய்ச் சேர்ந்தார். அதற்குப் பிறகு அம்மா ஆவடியில் எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் வேலை பார்த்து என்னைப் படிக்க வைத்தார்.

படித்து முடித்து கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வாகன உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் சேர்ந்தேன். தரக்கட்டுப்பாட்டுப் பிரிவு. 2022-ல் கம்பெனி ஸ்பெயினிலிருந்து ஒரு மெஷின் வாங்கியது. அதை அங்கேயே ஓட்டிச் சரிபார்த்து வாங்கிக்கொண்டு வர ஆறு மாதத்துக்கு என்னை அனுப்பினார்கள். ஏர்போர்ட்டில் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு ஒரே ஒரு சத்தியம் கேட்டார். என்ன சத்தியம் என்று நான் சொல்லத் தேவையில்லை. செய்து கொடுத்தேன்.

போன ஊர் சரகோசா. அவர்கள் நாக்கில் அது "தரகோதா". மாட்ரிட்டுக்கும் பார்சலோனாவுக்கும் நடுவில், எப்ரோ நதிக்கரையில் இருக்கிறது. குளிர்காலத்தில் ஆற்றுப் பக்கமிருந்து "தியெர்த்தோ" என்று ஒரு காற்று வீசும். நம்ம ஊர் ஆள் ரெண்டு ஸ்வெட்டர் போட்டாலும் பத்தாது.

அங்கே வேலை முடிந்தால் எல்லாரும் நேரே பாருக்குத்தான். "பார்" என்றதும் நமக்குக் கண்முன்னால் வருவது வேறு. அங்கே அப்படியில்லை. காலையில் அதே இடத்தில் பாட்டிகள் காப்பி குடிப்பார்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் ரொட்டி தின்பார்கள். சாயங்காலம் அதே மேஜையில் "கான்யா" வரும். கான்யா என்றால் சின்ன கிளாஸ் பீர், சுமார் 200 மில்லி. கூடவே ஒரு தட்டில் ஆலிவ், உருளைக்கிழங்கு ஆம்லெட், ஏதாவது வறுவல். பழைய ஊருக்குள் "எல் தூபோ" என்று சந்து சந்தாக ஒரு பகுதி இருக்கிறது. கடைக்கு ஒரு கான்யா, ஒரு தட்டு என்று நடந்துகொண்டே சாப்பிடுவார்கள்.

முதல் வாரம் நான் ஆரஞ்சு ஜூஸோடு உட்கார்ந்திருந்தேன். எங்கள் ஃபோர்மேன், அறுபதை நெருங்கும் மனிதர், அதைப் பார்த்துவிட்டு, "மதமா, டாக்டரா?" என்று கேட்டார். "அம்மா" என்றேன். மனிதர் தலையாட்டிவிட்டு, கடைக்காரரிடம் "ஊனா சின்" என்றார். "சின்" என்றால் ஸ்பானிஷில் "இல்லாமல்" என்று அர்த்தம். ஆல்கஹால் இல்லாத பீர். இந்த "சின்" அந்த ஊருக்குப் பெருமை. ஸ்பெயினிலேயே முதன்முதலில் ஆல்கஹால் இல்லாத பீரை 1976-ல் கொண்டுவந்தது சரகோசாவின் சொந்தக் கம்பெனி, 1900-ல் தொடங்கிய "ஆம்பர்". இன்றைக்கு ஐரோப்பாவிலேயே இந்த வகையை அதிகம் குடிக்கிற நாடுகளில் ஸ்பெயின் முன்வரிசையில் இருக்கிறது. வண்டி ஓட்டுகிறவர், மாத்திரை சாப்பிடுகிறவர், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மெஷினில் நிற்கவேண்டியவர், யார் கேட்டாலும் கேலி செய்ய ஆளில்லை.

அந்த மேஜையில் உட்கார்ந்த பிறகுதான் எனக்கு ஒரு விஷயம் புரிந்தது. நம்ம ஊரில் தோசைக்குச் சண்டை போடுவது மாதிரி அவர்கள் பீருக்குச் சண்டை போடுகிறார்கள். ஃபோர்மேனுக்கு ஆம்பர்தான் பீர், மற்றதெல்லாம் தண்ணீர். மாட்ரிட் பையன் ஒருவன், 1890-ல் அவன் ஊரில் பிறந்த "மாஹோவ்"தான் ராஜா என்பான். அவன் சொல்லும்போது அது கிட்டத்தட்ட நம்ம "மாவு" மாதிரியே கேட்கும், எனக்கு அடுப்பங்கரை ஞாபகம் வந்துவிடும். பார்சலோனாக்காரர் "எஸ்ட்ரெயா டாம்" என்பார். அல்சேஸிலிருந்து வந்த டாம் என்பவர் 1876-ல் தொடங்கியது. அதில் பார்லி மால்ட்டோடு அரிசியும் சேர்கிறது என்று கேட்டதும் எனக்கு ஒரு சொந்தம் வந்துவிட்டது. செவில்லாக்காரர்களுக்கு 1904-ன் "க்ரூத்காம்போ". கணக்குப் பிரிவில் இருந்த ஒரு அம்மா வடமேற்கு மூலையில் உள்ள கலீசியாவைச் சேர்ந்தவர். அவர் ஊரில் 1906-ல் தொடங்கிய "எஸ்ட்ரெயா கலீசியா". கியூபா, மெக்சிகோ என்று பிழைக்கப் போய்த் திரும்பி வந்த மனிதர் ஆரம்பித்தது. அந்த அம்மா மட்டும் வாயே திறக்கமாட்டார். சிரித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பார்.

இதில் வேடிக்கை "சான் மிகெல்". எல்லாரும் அதை ஸ்பானிய பீர் என்பார்கள். பிறந்தது பிலிப்பைன்ஸ் தலைநகர் மணிலாவில், 1890-ல். ஸ்பெயினிலும் அந்தப் பெயரில் பீர் செய்ய 1953-ல் மணிலாவில் ஒப்பந்தம் போட்டார்கள். ஆசியாவிலிருந்து ஐரோப்பாவுக்குப் போன பீர்! 2000-ல் அது மாஹோவோடு ஒரே கம்பெனியாகிவிட்டது.

மூன்று வாரம் இப்படிச் சந்தோஷமாகப் போனது. நாலாவது வாரம் ஒரு நாள், பேச்சு சுவாரசியமில்லாததால் பாட்டிலின் லேபிளைப் படித்துக்கொண்டிருந்தேன். தரக்கட்டுப்பாட்டுக்காரன் புத்தி. பொடி எழுத்தில் "1 சதவீதத்துக்கும் குறைவு" என்று போட்டிருந்தது. விசாரித்தால், அந்த நாட்டுச் சட்டப்படி 1 சதவீதத்துக்குக் குறைவாக இருந்தால் "சின்" என்று போடலாமாம். சுத்தமாக இல்லாதது வேண்டுமென்றால் "0,0" என்று போட்டதைக் கேட்க வேண்டுமாம். இருபது நாளாக "சின்" என்று நான் கேட்டு வாங்கியது இங்கிலீஷ் "சின்"தான்!

இங்கே சிரிக்கிறீர்கள். அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை. அளவு ரொம்பக் கொஞ்சம்தான், தலை சுற்றாது, ஒன்றும் செய்யாது. எனக்கும் தெரியும். ஆனால் சத்தியம் செய்தபோது "1 சதவீதம் டாலரன்ஸ்" என்று நான் சொல்லவில்லையே. இரவெல்லாம் தூக்கம் வராமல், நம்ம ஊரில் விடிந்ததும் அம்மாவுக்குப் போன் பண்ணிச் சொல்லிவிட்டேன்.

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எவ்ளோ இருந்துச்சாம்?" என்றார். கணக்குப் பண்ணிச் சொன்னேன். ஒரு கிளாஸுக்கு அதிகம் போனால் இரண்டு மில்லி, இத்தனை நாள், இத்தனை கிளாஸ். "இனிமே?" என்றார். "சைபர் போட்டது மட்டும்தாம்மா" என்றேன். "சரி கண்ணு" என்றவர், வைப்பதற்கு முன் ஒன்று சொன்னார். "உங்கப்பா கடைசி வரைக்கும் எவ்ளோன்னு என்கிட்ட சொன்னதே இல்லடா. கேட்டா, கொஞ்சம்தான்னுவாரு."

அந்த ஒரு வார்த்தைதான் என்னை இந்தத் தலைப்புக்குக் கொண்டுவந்தது.

அதற்கடுத்த வாரம் பாரில் சண்டை முற்றியது. கண்ணைக் கட்டினாலும் என் ஆம்பரைக் கண்டுபிடிப்பேன் என்றார் ஃபோர்மேன். நான் சொன்னேன், "நம்ம கம்பெனியில ஒரு அளவுமானி வாங்கினா முதல்ல என்ன பண்றோம்? அதையே அளந்து பார்க்கிறோம் இல்லையா? உங்க நாக்கையும் அளந்து பார்க்கலாமே."

தம்பிகளுக்குத் தெரியும், கேஜ் ஆர் அண்ட் ஆர் என்று படிக்கிறீர்கள். ஒரே பொருளை ஒரே ஆள் திரும்பத் திரும்ப அளந்தால் ஒரே விடை வருகிறதா, வேறு ஆள் அளந்தாலும் வருகிறதா என்று பார்ப்பது. நாக்குக்கும் அப்படி ஒரு சோதனை இருக்கிறது. முக்கோணச் சோதனை என்று பெயர். 1940-களில் கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பெர்க் பீர் ஆலையில் கையாண்டு எழுதிவைத்த முறை. மூன்று தம்ளர். இரண்டில் ஒரே பீர், ஒன்றில் வேறு. எது வேறு என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். எது உசத்தி என்று கேட்பதே கிடையாது. ஒன்றுமே தெரியாதவன் குருட்டாம்போக்கில் சொன்னாலும் மூன்றில் ஒரு தடவை சரியாக வரும். அதனால் 12 தடவை வைத்தால் 4 சும்மாவே கிடைக்கும். 8 அல்லது அதற்கு மேல் வாங்கினால்தான், அதிர்ஷ்டம் இல்லை, ஆளுக்கு உண்மையிலேயே வித்தியாசம் தெரிகிறது என்று ஒத்துக்கொள்ளலாம்.

நாலு வெள்ளிக்கிழமை வைத்தோம். ஒரு நாளைக்கு மூன்று முறைதான், அதற்கு மேல் போனால் நாக்கு மரத்துவிடும். நிறம் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று காகித கப். எல்லாம் ஒரே குளிர்ச்சி. நடுவில் தண்ணீரும் வெறும் ரொட்டியும். கடைக்காரர் உள்ளே ஊற்றி, கப்புக்கு அடியில் எண் எழுதி அனுப்புவார். எதில் எது என்று அவருக்கு மட்டும்தான் தெரியும். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக் கூடாது. அவர்களுக்கு நிஜ பீர், ஒரு வாய் மட்டும். எனக்கு 0,0 வகைகள்.

முடிவு சொல்கிறேன். ஃபோர்மேன் 12-க்கு 5. மாட்ரிட் பையன் 6. நான் 4. அதாவது என் நாக்கும் பகடைக்காயும் ஒன்று. வாயே திறக்காத கலீசியா அம்மா 9! ஃபோர்மேன், கடைக்காரன் பேரலை மாற்றிவிட்டான் என்று சத்தம் போட்டார். கடைக்காரர் சீட்டைக் கொண்டுவந்து மேஜையில் வைத்ததும் அடங்கினார்.

பிறகு அந்த அம்மாவிடம் போய்க் கேட்டேன், எப்படி என்று. அவர் சொல்லித் தந்தது நாலு விஷயம். முதலில் மணம், வாயில் வைக்கும் முன் மூக்கு. இரண்டாவது கசப்பு, அது எங்கே, எப்போது வருகிறது. மூன்றாவது கனம், தண்ணீர் மாதிரி ஓடுகிறதா, கஞ்சி மாதிரி நிற்கிறதா. நாலாவது, விழுங்கிய பிறகு எவ்வளவு நேரம் தங்குகிறது. ரொம்பக் குளிர வைத்தால் இதில் ஒன்றும் தெரியாது. குளிர் நாக்கை மரக்கச் செய்யும். இன்னொன்று, ஒவ்வொன்றுக்கும் உன் பாஷையில் ஒரு பெயர் வை என்றார்.

வைத்தேன். பல 0,0 பீர்களில் பொதுவாக ஒரு வாசனை வரும். கேழ்வரகை முளைகட்டி வறுக்கும்போது வீடெல்லாம் அடிக்குமே, அது. மாஹோவின் "0,0 தோஸ்தாதா"வில் அது காப்பிக்கொட்டை வறுக்கிற பக்கம் போகும். எஸ்ட்ரெயா கலீசியா 0,0-ல் கசப்பு கொஞ்சம் தூக்கல், வெந்தயம் கடித்த மாதிரி பின்நாக்கில் நிற்கும். டாம் கம்பெனியின் "ஃப்ரீ டாம்" லேசு, சீக்கிரம் மறையும். சான் மிகெல் 0,0 எனக்கு இனிப்பாகப் பட்டது. இதெல்லாம் என் நாக்குச் சொன்னது, சட்டம் இல்லை. இந்த நாலு பெயரை வைத்துக்கொண்டு மறுபடி 12 தடவை உட்கார்ந்தேன். 8 வந்தது. பார்டர் பாஸ்! நம்ம காலேஜில் நான் வாங்கிய பல மார்க் மாதிரி.

இதற்குள் இருக்கும் இன்ஜினியரிங்கையும் சொல்லிவிடுகிறேன். பீரிலிருந்து ஆல்கஹாலை எடுப்பது எப்படி? கொதிக்க வைத்தால் போய்விடும், 78 டிகிரியில். ஆனால் கூடவே மணமும் போய், பீர் வெந்துவிடும். அதனால் வெற்றிடத்தில் வைக்கிறார்கள். அழுத்தம் குறைந்தால் கொதிநிலை குறையும், 40 டிகிரி வாக்கிலேயே ஆல்கஹால் ஆவியாகிவிடும். தெர்மோடைனமிக்ஸ் கிளாஸில் தூங்காதவர்களுக்கு இது புரியும். இன்னொரு வழி, நம்ம வீட்டு ஆர்.ஓ. தத்துவம். சவ்வு வழியாகத் தண்ணீரும் ஆல்கஹாலும் வெளியேறும், மணமும் நிறமும் தரும் பெரிய மூலக்கூறுகள் உள்ளேயே நிற்கும். பிறகு தண்ணீரைத் திரும்பச் சேர்ப்பார்கள். மூன்றாவது வழி, நொதித்தலையே பாதியில் நிறுத்துவது.

நாம் பரீட்சையில் எழுதும் எத்தனையோ விஷயம் பீர் ஆலையில் பிறந்தது. புள்ளியியலில் "ஸ்டூடண்ட்ஸ் டி-டெஸ்ட்" படிக்கிறீர்கள். அந்த "ஸ்டூடண்ட்" யார்? கின்னஸ் ஆலையில் வேலை பார்த்த காஸெட். ஊழியர்கள் சொந்தப் பெயரில் எழுதக் கம்பெனி விடாததால், 1908-ல் "மாணவன்" என்ற புனைபெயரில் எழுதினார். பி.ஹெச். அளவு 1909-ல் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் சோரன்சன் கொண்டுவந்தது. ஆற்றலுக்கு அலகாக நிற்கும் ஜூல், பீர் ஆலைக் குடும்பத்துப் பிள்ளை. ஒவ்வொரு பாட்டிலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்ற கவலை அவர்களை அளக்க வைத்தது. இன்றைக்கும் குன்னூரில் தேயிலையை ஏலத்துக்கு விடுமுன் ருசி பார்த்து மதிப்புப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். நாக்கால் அளப்பதும் ஒரு உத்தியோகம்தான், தம்பிகளே.

இனி நம்ம ஊருக்கு வருகிறேன். 1937-ல் ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். 1971-ல் அது விலக்கப்பட்டது. 2003 முதல் சில்லறை விற்பனையும் டாஸ்மாக் கையில். இவ்வளவு காலத்திலும் குடியைப் பற்றி நம்மிடம் இரண்டே பேச்சுதான் உண்டு. ஒன்று வெட்கம், இல்லாவிட்டால் வீராப்பு. கணக்கு மட்டும் கிடையாது. கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஸ்பெயினில் ஒரு கான்யா, 200 மில்லி, 5 சதவீதம் என்றால் உள்ளே 10 மில்லி ஆல்கஹால். இங்கே 650 மில்லி ஸ்ட்ராங் பாட்டில், 8 சதவீதம் என்றால் 52 மில்லி. "ஒரே ஒரு பீர்தான் மச்சான்" என்று நாம் சொல்வது அவர்கள் கணக்கில் ஐந்துக்கும் மேல். அவர்கள் அதைத் தட்டில் சாப்பாட்டோடு, ஊர்ப்பேச்சோடு, மூன்று மணி நேரம் ஓட்டுகிறார்கள். நாம் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டு பைக்கை எடுக்கிறோம். நம் சட்டத்தில் 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமைத் தாண்டினாலே குற்றம்.

ஸ்பெயின் சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. அங்கேயும் விடலைப் பையன்கள் தெருவில் பாட்டிலோடு கூடிக் குடித்து விழுகிறார்கள், அதற்குத் தனியாக "போதெயோன்" என்று பெயரே உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2023-ல் சொல்லிவிட்டது, இவ்வளவு குடித்தால் பாதகமில்லை என்று ஓர் அளவு கிடையாது என்று. ஆகவே குடியுங்கள் என்றோ, அளவாகக் குடியுங்கள் என்றோ நான் சொல்லவில்லை. எனக்கு அந்தத் தகுதியும் இல்லை.

கிளம்புவதற்கு முதல் நாள், ஃபோர்மேன் வழக்கம்போல ஆம்பர் வாங்கினார். "உங்களுக்குத்தான் வித்தியாசம் தெரியலையே" என்று கிண்டல் செய்தேன். அவர் சொன்னார், "எங்கப்பா ஞாயித்துக்கிழமை இதே கடையில இதைத்தான் குடிப்பார். ரெண்டு கான்யா. என்னைப் பக்கத்துல உட்கார வெச்சு ஆலிவ் வாங்கித் தருவார். அப்புறம் ரெண்டு பேரும் நடந்து வீட்டுக்குப் போவோம்." நான் ஒன்றும் பேசவில்லை. என் அப்பாவும் என்னைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். திரும்பும்போது வழி கேட்டு அவரைக் கூட்டி வந்தது நான்.

அவர் நல்ல மனிதர். பத்து மைக்ரானை விரலால் கண்டுபிடித்தவர். அந்தத் திறமையில் கொஞ்சத்தை ஆறு மணிக்கு மேலும் வைத்திருந்தால், "எவ்ளோ?" என்ற கேள்விக்கு ஒரு நாளாவது நம்பர் சொல்லியிருந்தால், இன்று இந்த வரிசையில் உட்கார்ந்திருப்பார் என்று எனக்கு ஒரு எண்ணம். உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் எண்ணம் உண்டு.

இன்று ராத்திரி எந்தெந்த பேட்ச் எங்கெங்கே கூடப் போகிறது என்று எனக்கும் தெரியும், முதல்வருக்கும் தெரிந்திருக்கும். யாரையும் தடுக்க நான் வரவில்லை. இரண்டே வேண்டுகோள். பக்கத்தில் ஜூஸோடு உட்கார்ந்திருப்பவனைக் கேலி செய்யாதீர்கள். வீட்டிலிருந்து போன் வந்து "எவ்ளோ?" என்று கேட்டால், "கொஞ்சம்தான்" என்று சொல்லாதீர்கள். நம்பரைச் சொல்லுங்கள். சொல்ல நாக்கு கூசினால், அங்கேயே கப்பைக் கீழே வைத்துவிடுங்கள். நாம் இன்ஜினியர்கள். "கொஞ்சம்" என்று எந்த டிராயிங்கிலும் போட்டதில்லை.

பேசியது போதும். மேஜையில் மூன்று தம்ளர் வைத்திருக்கிறேன். பயப்படாதீர்கள், நம்ம கேன்டீன் ஃபில்டர் காப்பிதான். இரண்டில் ஒரே கடைப் பொடி, ஒன்றில் வேறு கடைப் பொடி. காப்பிக்கு எங்கள் ஊர்தான் என்று சவால் விடும் மூன்று பேர் மேடைக்கு வரலாம்.



(மேடைக்கு வந்தவர்கள்: ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர், மூத்த பேட்ச் அண்ணன் ஒருவர், மூன்றாம் ஆண்டு மாணவி ஒருவர். மூவரும் கண்ணை மூடிக்கொண்டு குடித்தார்கள். மாணவி மட்டும் சரியாகச் சொன்னார். "மூணுல ஒண்ணு, இது குருட்டு அதிர்ஷ்டமாவும் இருக்கலாம்" என்றார் பேச்சாளர். "அப்போ இன்னும் பதினோரு காப்பி குடுங்க சார்" என்றார் மாணவி. கைதட்டல்.)